ரைஹானா பேரில் ஒரு சிம்

வீரசோழன் ஊரில் ஒரு பெண்ணின் கையில் செல்போன் இருந்தால் அது அவளுடைய போன் என்று நினைத்துவிடக் கூடாது. அது வீட்டுப் போன். மலேசியாவில் இருக்கும் மகளோடு பேச மாமியார் அதைத்தான் கேட்பார். கேஸ் புக் பண்ணப் பக்கத்து வீட்டுக்காரி அதைத்தான் கேட்பாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கேட்கக்கூட மாட்டார்கள், எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். போனைக் கொஞ்சம் கொடு என்று யாராவது கேட்டு, தர முடியாது என்று சொன்ன பெண்ணை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. சொன்னால் உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாள் என்ற கேள்வி உடனே கிளம்பும். ரைஹானாவும் பல வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வந்தவள்தான். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். வருத்தம் இருந்தது, அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

பாளையம்பட்டிக்காரி அவள். அத்தா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பழக்கடை வைத்திருந்தார். மகளை அருப்புக்கோட்டைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார், படிப்பு முடிந்த கையோடு வீரசோழனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை ரியாஸுக்கு ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை. கல்யாணத்தன்று, பொண்ணு டிகிரி படிச்சிருக்கு என்று பந்தியில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தப் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச வைத்தவள் நர்கிஸ். கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், இப்போது குவைத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று, கணினி வழியாக ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியிருந்தாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ரைஹானாவிடம் கொடுத்தாள். ரியாஸ் போன லீவில் கொண்டுவந்த பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சாயங்கால நேரத்தில் ரைஹானா பின்னறையில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த முகங்கள் "மிஸ், மிஸ்" என்று அவளைத்தான் கூப்பிட்டன. ரியாஸ் பெண்டாட்டி, ஹபீப் ரகுமான் தம்பி பெண்டாட்டி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவளுக்கு, அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இடைஞ்சல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீடு ஒன்று, வாசல் இரண்டு. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பிக் கிழக்குப் பாதியை ரியாஸின் அண்ணன் ஹபீப் ரகுமானுக்கும் மேற்குப் பாதியை ரியாஸுக்கும் என்று ஒதுக்கினார்கள். இன்டர்நெட்டை மட்டும் பிரிக்கவில்லை. மோடம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கியது. அதன் வைஃபை சுவர் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது.

ஹபீப் ரகுமானுக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுத்தான் அவரைப் பற்றிய பேச்சையே ஊரில் தொடங்குவார்கள். உண்மைதான். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொன்னதில்லை. பிடிக்காத ஆள் சிமென்ட் கேட்டு வந்தால்கூட, "நாளைக்கு லோடு வருது, பார்ப்போம்" என்பார். அந்த லோடு வந்ததே இல்லை.

ஒருநாள் மாணவன் ஒருவனின் தகப்பனார், வீட்டுப்பாடம் பற்றிச் சந்தேகம் கேட்கத் திரைக்கு வந்தார். கணீரென்ற குரல். ரைஹானா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கிளம்பும்போது ஹபீப் ரகுமான் மோடத்தை அணைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"மச்சான், சாயந்தரமானா நெட்டு வரமாட்டேங்குதே" என்று ரைஹானா அவர் வாசலில் நின்று கேட்டாள்.

"அப்படியாம்மா? நாள் முச்சூடும் ஓடுதுல்ல, சூடாயிருது. கொஞ்சம் ஆறட்டும்னு நிப்பாட்டிட்டுப் போறேன்" என்றார், அத்தனை கனிவாக.

ஆறட்டுமாம். அந்தப் பொட்டல் வெயிலில் பகல் முழுக்கச் சூடாகாத மோடம், வெயில் தாழ்ந்த பிறகு, அதுவும் தமிழ் வகுப்பு நேரம் பார்த்துத்தான் சூடாகிறதாம். திட்டினால் திருப்பித் திட்டலாம், சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். கனிவாகச் சுவிட்சை அணைக்கிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் ரைஹானா திரும்பி வந்தாள்.

போனின் ஹாட்ஸ்பாட்டில் வகுப்பை ஓட்டிப் பார்த்தாள். பின்னறையில் போனுக்கு ஒரு கோடு சிக்னல்தான் கிடைக்கும். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் நெட் அறுந்துவிடும். "போனைக் குடு ஆத்தா, மலேசியாவுல சின்னவகூடப் பேசணும்" என்று மாமி வந்து நிற்பார். இதுவும் சில நாள்தான். அதற்குள் நெட்டே நின்றுபோனது. அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறவர் பெரிய மச்சான் ஹபீப் ரகுமான்தான். இந்த முறை பேச மட்டும் உதவுகிற திட்டமாகப் பார்த்துப் போட்டிருந்தார்.

"சிம் என் பேர்ல இருக்கும்மா. நாளைக்கு நெட்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்டத்தான கேப்பாக. அதான்" என்றார்.

அப்போதுதான் ரைஹானாவுக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன் இருந்த சிம் அத்தா பேரில் இருந்தது. கல்யாணமாகி வந்ததும் அதைத் தூரப்போட்டுவிட்டு வீட்டு வழக்கப்படி மச்சான் பேரில் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் மாமி, ஓரகத்தி, நாத்தனார் யாருக்குமே தன் பேரில் ஒரு நம்பர் கிடையாது. ஆண்கள் வெளிநாடு போகுமுன் தங்கள் பேரிலோ அண்ணன் தம்பி பேரிலோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெண்கள் பேசுவார்கள். அவ்வளவுதான்.

நர்கிஸ் கூப்பிட்டாள். அவளுக்கும் தர்மசங்கடம். "வர்ற சனிக்கிழமை அம்மா அப்பாமாரெல்லாம் கூட உக்காந்து வகுப்பைப் பாக்கப் போறாக ரைஹானா. அன்னைக்கும் பாதில அந்துபோச்சுன்னா நான் இந்தப் பிள்ளைகளை வேற டீச்சருக்குத்தான் மாத்தணும். எனக்கு வேற வழியில்ல."

"அறாது" என்றாள் ரைஹானா. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

லேப்டாப்பைத் துடைக்கும்போதெல்லாம் அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டைப் பார்த்திருக்கிறாள். ஊசி விட்டால் வெளியே வரும். உள்ளே சிம் போடும் அளவுக்குப் பள்ளம். ரியாஸின் கம்பெனி, சைட்டுக்குப் போகிற இன்ஜினியர்களுக்காக வாங்கிய லேப்டாப் அது. வைஃபை இல்லாத மணல்காட்டிலும் வேலை நடக்க வேண்டும் என்று, செல்போன் டவரை நேரடியாகப் பிடிக்கும் கார்டு ஒன்றை உள்ளேயே பதித்திருந்தார்கள். பழசானதும் வேலையாட்களுக்கே விற்றுவிட்டார்கள். கார்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

போனைக் கேட்பார்கள், ஹாட்ஸ்பாட் டப்பா வாங்கினால் அதையும் பிள்ளைகள் தூக்கிப்போவார்கள். லேப்டாப்புக்கு உள்ளே கிடக்கிற சிம்மை யார் வந்து கொஞ்சம் கொடு என்று கேட்பார்கள்? இதை நினைத்ததும் ரைஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டுப் பெட்டிக்கு வெளிநாட்டு சிம்தான் ஒத்துப்போகும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அந்த ஊர் டார்ச்சுக்கு அந்த ஊர் பேட்டரி, அந்த ஊர் மிக்ஸிக்கு அந்த ஊர் பிளக் என்று பார்த்துப் பழகிய வீடு வேறு எப்படி நினைக்கும்? ரியாஸ் ஒவ்வொரு லீவிலும் தன் பழைய ஷார்ஜா சிம்மைப் பீரோவிலேயே விட்டுவிட்டுப் போவான். அந்த நம்பர் வீட்டில் உயிரோடு இருந்தால் தன் வேலைக்கு ஒன்றும் வராது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கென்று அங்கிருந்து காசு போட்டும் வைப்பான். ரைஹானா அதை எடுத்துத் தட்டில் வைத்துச் செருகினாள். சற்று நேரத்தில் திரையின் மூலையில் கோடுகள் எழுந்தன. ஒன்றல்ல, முழுசாக. போனுக்கு எட்டாத டவர் லேப்டாப்புக்கு எட்டியது, அதன் திரையைச் சுற்றி உள்ளுக்குள் ஏரியல் ஓடுகிறதாம். அவள் சந்தோஷத்தில் நாலு பாடத்தை இறக்கி முடிப்பதற்குள் வெளிநாட்டுக் கட்டணத்தில் அவ்வளவு காசும் கரைந்து, காசு போடுகிற ஆப் வழியாக ஷார்ஜாவில் ரியாஸுக்குச் செய்தி போய்விட்டது.

"ஏம்மா, என்ன பண்ணித் தொலைச்ச? பீரோவுல கிடக்கிற சிம்மு காசை யாரு தின்னது?"

"நான்தான் தின்னேன். இனிமே தின்னமாட்டேன். நான் என் பேர்ல ஒரு சிம் வாங்கப் போறேன்" என்றாள்.

ரியாஸ், "அண்ணன் மனசு கோணாமப் பாத்துக்கோ" என்றான்.

"உங்க அண்ணன் மனசு கோணாமப் பாத்துப் பாத்து என் கழுத்துதாங்க கோணிப்போச்சு."

மறுநாள் அத்தாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பாளையம்பட்டியில் சிம் விற்கும் கடையில் தங்கச்செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்ல ஆம்பளைக யாரும் வரலயாக்கா?"

"அட்டையில இருக்கறது யார் மூஞ்சி?"

"உங்க மூஞ்சிதான்."

"அப்ப நான் வந்தது பத்தாதா?"

தங்கச்செல்வி சிரித்துவிட்டாள். "நான் கேக்காட்டி முதலாளி கேப்பாருக்கா. நீங்க அந்த வெள்ளைச் சுவர் பக்கமா நில்லுங்க, போட்டோ எடுக்கேன்." ரைஹானா நின்றாள். கல்லூரி அடையாள அட்டைக்குப் பிறகு, தனக்காக மட்டும் அவள் எடுத்துக்கொண்ட படம் அதுதான். சிம் அன்றே உயிர் பெற்றுவிட்டது. பாளையம்பட்டிக் கடைக்கு வெளியே நின்று அவள் அதைப் பர்சில் வைத்த விதத்தைப் பார்த்தவர்கள், நகை வாங்கினாளோ என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து தட்டில் போட்டால் லேப்டாப் மசியவில்லை. சிம் இருக்கிறது என்று காட்டியது. டவர் தேடுகிறேன், தேடுகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஷார்ஜா சிம்மை ஓடிவந்து வரவேற்ற அதே கார்டு, சொந்த ஊர் சிம்மை வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

அருப்புக்கோட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் உதயகுமாரிடம் கொண்டுபோனாள். "அந்த நாட்டுக் கம்பெனி லாக் பண்ணிருப்பாங்கக்கா. கழட்டிப் போட்டுட்டு வேற எதாச்சும் வாங்கிக்கோங்க" என்றான்.

"லாக்குன்னா தெறக்கறதுக்கு நம்பர் கேக்கும்ல? இது எதுவும் கேக்கலயே. தேடிக்கிட்டேதான இருக்கு."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "ஆமா, கேக்கணும். கேக்கல." தலையைச் சொறிந்தான். "நெசமாச் சொல்றேன்க்கா, இந்தக் கார்டு இங்க யாரும் கொண்டாந்ததில்ல. உக்காந்து பாக்க எனக்கு நேரமில்ல. நீங்க படிச்சவுகதான, தயாரிச்ச கம்பெனி சைட்டுல பாருங்க. ஆனா ஒண்ணு, தப்பா எதையாச்சும் ஏத்தினீங்கன்னா கார்டு செத்துரும்."

செத்தால் சாகட்டும் என்று நினைத்தாள். இப்போது மட்டும் அது என்ன உயிரோடு இருந்து கிழித்துவிட்டது?

சனிக்கிழமைக்கு முந்தின நாள் காலை, மோடம் சூடாகாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பெரிய மச்சானின் நெட்டில்தான் பெரிய மச்சானிடமிருந்து தப்பிக்கும் வழியைத் தேடினாள். இதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. மாதக் கட்டணத்தில் பாதி ரியாஸ் அனுப்புவதுதானே. தயாரித்த கம்பெனியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பல வருஷமாகத் தொடாத இங்கிலீஷ் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. விஷயம் இதுதான். அந்தக் கார்டு ஒவ்வொரு செல்போன் கம்பெனிக்கும் ஒரு மென்பொருள் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். சிம்மைப் பார்த்து அதுவாக மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய முதலாளிகள், இன்ஜினியர்கள் வேறு சிம் போட்டுவிடக் கூடாது என்று, அந்த மாற்றத்தை நிறுத்தி, ஷார்ஜா செல்போன் கம்பெனியிலேயே நிற்கும்படி செய்திருந்தார்கள். பூட்டு இல்லை. யாரோ ஒருவர் பழக்கிவிட்ட பழக்கம், அவ்வளவே. அந்தப் பழக்கத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று ரைஹானா வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான மென்பொருள் ஒன்றை இறக்கினாள். கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளைகளை அடித்தாள். ஓர் எழுத்து தவறினாலும் போயிற்று என்பதால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகே பொத்தானைத் தட்டினாள். "என்னத்தா, ஓதுறியா?" என்று மாமி எட்டிப்பார்த்தார். "ஆமா மாமி" என்றாள். லேப்டாப் அணைந்து எழுந்தது. கோடுகள் வந்தன. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, வந்த வேகத்தில் கோபமும் வந்தது. மறுபடி படித்தாள். இணையத்துக்குள் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டத்தில் இன்னும் ஷார்ஜா செல்போன் கம்பெனியின் பெயர்தான் உட்கார்ந்திருந்தது. அதை அழித்துவிட்டுத் தன் சிம்முக்கு உரிய பெயரை அடித்தாள். வைஃபையை அணைத்துவிட்டுச் சோதித்துப் பார்த்தாள். பக்கம் திறந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள்.

சனிக்கிழமை அஸர் பாங்கு சொன்னதும் ஹபீப் ரகுமான் வழக்கம்போல மோடத்தை ஆற வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். வகுப்பு தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைக்குப் பின்னால் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் நர்கிஸ், நகத்தைக் கடித்துக்கொண்டு. ரைஹானா குரலை அடக்கவில்லை. பாட்டு பாட வைத்தாள், வாசிக்க வைத்தாள், தப்பாக வாசித்தவனைத் திருத்தி மறுபடி வாசிக்க வைத்தாள். படம் ஒருமுறைகூடத் திக்கவில்லை.

தொழுதுவிட்டுக் கடைக்குப் போகும் வழியில் ஹபீப் ரகுமான் வீட்டுப் பக்கம் வந்திருக்கிறார். அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது. முதலில் தன் கூடத்துக்குப் போய் மோடத்தைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. பிறகு இந்தப் பக்கம் வந்து, மாமியைத் தாண்டி, பின்னறை வாசலில் நின்றார்.

"யாரு நெட்டும்மா இது?"

"என் நெட்டு மச்சான். என் பேர்ல சிம் வாங்கி இதுக்குள்ள போட்டிருக்கேன்."

அவர் முகம் மாறவில்லை. குரலும் உயரவில்லை. "சரிம்மா. இன்னைக்குப் போதும், மூடிரு. வீட்டுப் பொம்பளை குரல் தெரு வரைக்கும் கேக்குது. ராவு ரியாஸ்கிட்டப் பேசிக்குவோம்."

வழக்கமான ரைஹானா மூடியிருப்பாள். இவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பிள்ளைக எல்லாம் இருக்காக, பெத்தவுகளும் இருக்காக. வகுப்பு இன்னையோட முடிஞ்சதுன்னு நீங்களே ஒரு வார்த்தை அவுககிட்டச் சொல்லிருங்க மச்சான். நீங்க சொன்னதும் மூடிருறேன்."

திரையில் அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. அன்று சுவர் தாண்டிக் குரல் கேட்ட அந்தத் தகப்பனார், "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்" என்றார், கணீரென்று.

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "வ அலைக்கும் ஸலாம்" என்றார் ஹபீப் ரகுமான்.

"உங்க வீட்டுப் பொண்ணா பாய்? எம் மகன் நேத்து எங்க அம்மாவுக்குத் தமிழ்ல அவனாவே எழுதிப் படம் பிடிச்சு அனுப்புனான். நல்லா இருக்கணும் அவுக."

ஆணியில் தொங்குகிற மோடத்தை அணைக்க முடிந்த மனிதரால், இத்தனை முகங்களுக்கு நேரே முடியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. ரைஹானா கை வலிக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். "நல்லாப் படிங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். நிலைப்படிக்கு வெளியே போய்த் திரும்பி நின்று, திரைக்குக் கேட்காத குரலில் அவளிடம் கேட்டார்.

"ரியாஸுகிட்டக் கேட்டியா நீ?"

"கேக்கல மச்சான்" என்றாள் ரைஹானா. "சொன்னேன்."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.